ஆயரை நியமித்தது யார்?

வீராம்பட்டினம் என்றதும் நமக்குச் செங்கழுநீர் அம்மனின் ஆடித் தேர்தான் நினைவுக்கு வரும். 1770களில், புதுச்சேரிக்குத் தெற்கே இருக்கும் அதே மீனவ ஊரில் ஒரு குருமடமும் இருந்தது. போரும் துன்புறுத்தலும் துரத்த, தென்கிழக்காசியாவிலிருந்து கப்பலேறி வந்த மாணவர்கள் அங்கே லத்தீன் படித்தார்கள். அவர்களுக்குத் தலைவர், 30 வயதைத் தாண்டியிருந்த பியேர் பினோ தெ பெஹேன் என்ற பிரெஞ்சுக் குரு. மாணவர்களின் துணையோடு அவர் 1773இல் ஒரு வியட்நாமிய-லத்தீன் அகராதியை முடித்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் மயிலாப்பூர் சாந்தோமில் அவருக்கு ஆயர், அதாவது பிஷப், அபிஷேகம் நடந்தது. பட்டம்: ஆத்ரான் ஆயர்.

ஆத்ரான் வியட்நாமில் இல்லை, பிரான்ஸில் இல்லை, நம் கடற்கரையிலும் இல்லை. கிறிஸ்தவர்கள் எப்போதோ மறைந்துபோன ஒரு பழைய மறைமாவட்டத்தின் பெயர் அது. பினோ அங்கே ஒருநாளும் கால் வைத்ததில்லை.

பார்க்காத ஊரின் பெயரை ஒருவர் ஏன் பட்டமாகச் சுமக்க வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பிரெஞ்சுக் காலனி வரலாற்றின் 300 ஆண்டுகள் விளங்கும். "ஒரு கையில் சிலுவை, மறு கையில் வாள்" என்று ஒரே வரியில் இதைச் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் சிலுவை பிடித்தவருக்கும் வாள் பிடித்தவருக்கும் நடந்த ஓயாத சண்டை அந்த வரியில் இல்லை. அந்தச் சண்டை புரிய வேண்டுமானால், ஒவ்வோர் ஆயரைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இவரை நியமித்தது யார், ரோமா, பாரிஸா?

சாமியாரும் ஆயரும்

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். பங்குச் சாமியார் பூசை வைப்பார், ஞானஸ்நானம் கொடுப்பார், பாவசங்கீர்த்தனம் கேட்பார், கல்யாணம் செய்து வைப்பார். அவரால் முடியாத ஒன்று உண்டு. இன்னொருவரை அவர் குருவாக்க முடியாது. அதை ஆயர் மட்டுமே செய்ய முடியும். ஆயர் இல்லாத நாட்டில் குருக்கள் உருவாக மாட்டார்கள். வெளியிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். ஒரு காலனிக்கு ஆயரை அனுப்புவதா வேண்டாமா என்பது, அந்த மண்ணின் பிள்ளைகள் குருவாவதற்கு வழி திறப்பதா வேண்டாமா என்ற கேள்வியும்கூட. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதி விஷயங்கள் தானாகப் புரியும்.

இனி நியமனம். ஆயரைத் திருத்தந்தைதான் நியமிப்பார் என்று நாம் நினைத்திருப்போம். பிரான்ஸில் அப்படி இல்லை. 1516இல் மன்னர் முதலாம் பிரான்சுவாவும் திருத்தந்தை பத்தாம் லியோவும் போட்ட ஒப்பந்தப்படி, ஆயர் பெயரைச் சொல்வது மன்னர், அதை உறுதி செய்து அதிகாரம் தருவது திருத்தந்தை. ஆயர் பதவியோடு நிலமும் வருமானமும் சேர்ந்து வந்தன. பெரும்பாலும் பிரபுக் குடும்பங்களின் இளைய மகன்களுக்கே அது போயிற்று. 1682இல் பிரெஞ்சுக் குருக்களின் பேரவை ஒருபடி மேலே போய், உலக விவகாரங்களில் மன்னர் திருத்தந்தைக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்று நான்கு கூறுகள் கொண்ட ஒரு பிரகடனத்தை எழுதியது. ரோமோடு உறவு உண்டு, ஆனால் வீட்டுக்குள் ரோமின் கட்டளை செல்லாது என்ற இந்த மனப்போக்குக்குக் காலிக்கனியம் என்று பெயர்.

ஆசியாவில் இன்னொரு சிக்கல். கடல் கடந்த கிறிஸ்தவப் பணிக்குத் தாங்களே காவலர் என்று போர்ச்சுக்கல் மன்னர்கள் திருத்தந்தையரிடமிருந்து உரிமை வாங்கி வைத்திருந்தார்கள். பதுரவாதோ என்று நம் ஊர்த் திருச்சபை வரலாற்றிலும் அடிபடும் பெயர் அதுதான். கோவா, கொச்சி, மயிலாப்பூர் என ஆயர் இருக்கைகள் அவர்கள் கையில் இருந்தன. ரோம் புதிதாக ஒரு மறைமாவட்டம் அமைத்தால் லிஸ்பன் சண்டைக்கு வரும்.

ரோம் கண்டுபிடித்த வழி நுட்பமானது. 1622இல் விசுவாசப் பரப்புதல் பேராயம் என்ற அலுவலகத்தை அமைத்தார்கள். அதன் வழியாக, மறைமாவட்டமே இல்லாமல் ஆயர்களை அனுப்பினார்கள். காகிதத்தில் அவர் எங்கோ அழிந்துபோன ஊரின் ஆயர். வேலை செய்யும் இடத்தில் அவர் திருத்தந்தையின் நேரடிப் பிரதிநிதி, அதாவது அப்போஸ்தலிக்க விகார். புதிய மறைமாவட்டம் எதுவும் உருவாகாததால் போர்ச்சுக்கலுக்கு வழக்காடப் பிடி கிடைக்காது. பிரெஞ்சு மன்னரின் நியமன உரிமையும் இதில் நுழையாது. பினோவின் ஆத்ரான் வந்த வழி இதுதான்.

இப்படி முதலில் கிளம்பியவர்கள் பிரான்சுவா பல்லு, பியேர் லம்பேர் தெ லா மோத், இஞ்ஞாஸ் கொத்தொலெந்தி ஆகிய மூன்று பிரெஞ்சுக்காரர்கள். பாரிஸில் பாக் தெருவில் இன்றும் இருக்கும் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபை இவர்களைச் சுற்றி உருவானதுதான். பெய்ரூட் ஆயர் என்ற பட்டத்தோடு லம்பேர் 1660இல் புறப்பட்டார். போர்ச்சுக்கீசியரைத் தவிர்க்கப் பாரசீகம், இந்தியா வழியாகத் தரைவழியே அலைந்து 1662இல் சியாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், அயுத்தியா போய்ச் சேர்ந்தார். கொத்தொலெந்தி அதே ஆண்டு மசூலிப்பட்டினத்துப் பக்கம் இறந்துபோனார்.

இவர்களுக்கு ரோம் 1659இல் கொடுத்த அறிவுரை ஒன்றை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் வெளிப்படையாக முரணாக இல்லாதவரை அந்த மக்களின் வழக்கங்களை மாற்றச் சொல்லாதீர்கள். பிரான்ஸையோ ஸ்பெயினையோ இத்தாலியையோ சீனாவுக்குத் தூக்கிக்கொண்டு போவதைவிட அபத்தம் வேறென்ன என்று அது கேட்கிறது. அந்த நாட்டவரையே குருக்களாக்குங்கள், அரசியலில் தலையிடாதீர்கள் என்றும் சொல்கிறது. 1668இல் லம்பேர் அயுத்தியாவில் முதல் வியட்நாமியக் குருக்களுக்கு அபிஷேகம் செய்தார். அறிவுரையின் ஒரு பாதி நிறைவேறியது.

மறு பாதி நிற்கவில்லை. 1673இல் சியாம் மன்னர் நாராயின் அரசவைக்குப் பதினான்காம் லூயியின் கடிதத்தை எடுத்துப் போனவரும் ஆயர் பல்லுதான். தூதர்கள் வந்தார்கள், பிறகு படைவீரர்கள் வந்தார்கள். 1688இல் அங்கே ஆட்சி கவிழ்ந்து பிரெஞ்சுக்காரர் துரத்தப்பட்டபோது ஆயர் லனோ சிறையில் கிடந்தார். நியமித்தது ரோம், பயணச் செலவும் பாதுகாப்பும் பாரிஸ் என்றால் நடப்பது இதுதான்.

கியூபெக்கில் முதல் மரியாதை

பல்லு, லம்பேர் ஆகியோரின் நண்பர் வட்டத்தில் இன்னொருவர் இருந்தார், பிரான்சுவா தெ லவால். முதலில் அவரையும் வியட்நாமின் வடபகுதியான தொங்கினுக்கு அனுப்பலாம் என்றுதான் பேச்சு. கடைசியில் அவர் போனது வட அமெரிக்காவுக்கு.

புதிய பிரான்ஸ் என்று பேர்பெற்ற கனடாக் குடியேற்றம் தன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று ரூவான் பேராயர் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே போகும் கப்பல்கள் அவருடைய நார்மண்டித் துறைமுகங்களிலிருந்து கிளம்பின, அவ்வளவுதான் அடிப்படை. தங்கள் ஆளே வேண்டும் என்று சேசு சபையினரும் அரசியார் ஆனும் நின்றார்கள். ரோம் லவாலை மறைமாவட்ட ஆயராக்காமல், அரேபியாவின் பெத்ரேயா ஊருக்குப் பட்ட ஆயராக்கி, கனடாவுக்கு அப்போஸ்தலிக்க விகாராக அனுப்பியது. உள்ளூர் ஆயரின் அதிகாரத்துக்கு உட்படாத பாரிஸ் மடாலயக் கோவில் ஒன்றில், 1658 டிசம்பர் 8 அன்று திருத்தந்தையின் தூதர் ஓசைப்படாமல் அவருக்கு அபிஷேகம் செய்து வைத்தார். 1659 ஜூனில் லவால் கியூபெக்கில் இறங்கினார். 1666இல் எடுத்த கணக்கெடுப்பில்கூட மொத்தக் குடியேற்றத்திலும் 3,215 பிரெஞ்சுக்காரர்தான். நம் பெரிய கிராமம் ஒன்றின் அளவு.

அந்த ஊருக்கு ஆளுநர் ஒருவர், ஆயர் ஒருவர். கோவில் திருவிழாவில் பரிவட்டம் முதலில் யாருக்கு என்று எழும் தகராறு நமக்குப் புதிதல்ல. கியூபெக்கிலும் அதே கதைதான். தேவாலயத்தில் ஆளுநரின் இருக்கை எங்கே போடுவது, தூபம் முதலில் யாருக்குக் காட்டுவது என்று ஆளுநர் தார்ஜான்சோனோடு தகராறு மேல் தகராறு. 1661 பிப்ரவரியில் சேசு சபைப் பள்ளியில் மறைக்கல்வி நிகழ்ச்சி. இருவரும் வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் முதலில் யாருக்கு வணக்கம் சொல்வது? வம்பே வேண்டாம், யாருக்கும் சொல்லாதீர்கள் என்று குருக்கள் ஏற்பாடு செய்தார்கள். ஆனால் பெற்றோர் தூண்டிவிட, இரண்டு சிறுவர்கள் ஆளுநருக்கு முதலில் வணக்கம் வைத்துவிட்டார்கள். ஆயருக்குக் கோபம். மறுநாள் காலை, சொன்ன பேச்சைக் கேட்காத அந்த இரு பிள்ளைகளுக்கும் பிரம்படி விழுந்தது. சேசு சபையினரே தங்கள் நாட்குறிப்பில் எழுதி வைத்த செய்தி இது. இரண்டு அதிகாரங்களின் சண்டை அந்தப் பிள்ளைகளின் முதுகில் வந்து இறங்கியது.

இதை வைத்து லவாலைப் பதவிப் பித்தர் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அவருடைய பெரிய போராட்டம் சாராயத்தைப் பற்றியது. குடியேற்றத்தின் பொருளாதாரமே பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோல். பழங்குடியினரிடம் தோலை வாங்க பிரெஞ்சு வணிகர்கள் பிராந்தியைக் கொடுத்தார்கள். போதையில் தோலும் போயிற்று, குடும்பங்களும் சிதைந்தன. பழங்குடியினருக்குச் சாராயம் விற்பவர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார் என்று லவால் 1660இல் அறிவித்தார். அடுத்து வந்த ஆளுநர் தாவோகூர் முதலில் கடுமையாகவே இருந்தார். சாராயம் விற்றதற்காக இரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிறகு ஒரு பெண் பிடிபட்டபோது சேசு சபைக் குரு ஒருவர் இரக்கப்பட்டுப் பரிந்து பேசப் போனார். இவளுக்குக் குற்றமில்லை என்றால் இனி யாருக்கும் குற்றமில்லை என்று ஆளுநர் வெகுண்டு தடையையே கைவிட்டார். லவால் 1662இல் கப்பலேறி மன்னரிடமே முறையிட்டார். ஆளுநர் திரும்ப அழைக்கப்பட்டார்.

வணிகத் தரப்பின் வாதத்தையும் சொல்ல வேண்டும். நாம் விற்காவிட்டால் தெற்கே இருக்கும் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் விற்பார்கள், தோலும் போகும், பழங்குடியினரும் புராட்டஸ்டண்டு பக்கம் போய்விடுவார்கள் என்றார்கள். 1678இல் ஊர்ப் பெரியவர்கள் 20 பேரைக் கூட்டிக் கருத்துக் கேட்டபோது பெரும்பான்மை சாராயத்தின் பக்கமே நின்றது. மறு ஆண்டு மன்னர், பழங்குடியினரின் ஊர்களுக்குள் கொண்டுபோய் விற்கக் கூடாது என்று பாதி வழியில் ஓர் ஆணை போட்டார். ஆயருக்கு முழு வெற்றியில்லை. ஆனாலும் காலனியின் வருமானத்துக்கு எதிராக இருபது ஆண்டு நின்றவர் அவர் ஒருவர்தான். அவரை நியமித்தது ரோம் என்பதால்தான் அப்படி நிற்க முடிந்தது என்பது என் எண்ணம்.

1674இல் கியூபெக் மறைமாவட்டமானபோதும் ரூவானுக்குக் கீழே அல்லாமல் நேரே ரோமுக்குக் கீழேயே அமைந்தது. இடையில் 1663இல் அவர் தொடங்கிய குருமடம் உள்ளூரிலேயே குருக்களை உருவாக்கியது. விளைச்சலில் பதின்மூன்றில் ஒரு பங்கு கோவிலுக்கு என்று அவர் கேட்டபோது குடியானவர்கள் முரண்டு பிடித்து, கடைசியில் இருபத்தாறில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டார்கள். மன்னராட்சி மட்டுமல்ல, விவசாயிகளும் ஆயரோடு பேரம் பேசினார்கள்.

ஆயரே வேண்டாம் என்ற தீவுகள்

கனடாவுக்கு ஆயர் வந்தார். கரும்புத் தீவுகளுக்கு வரவில்லை. கரீபியக் கடலின் மார்த்தினிக், குவாதலூப், இந்தியப் பெருங்கடலின் ரெயூனியோன் ஆகியவற்றில் பிரெஞ்சு ஆட்சி தொடங்கியது 17ஆம் நூற்றாண்டில். அங்கே முதல் ஆயர் இருக்கைகள் ஏற்பட்டது 1850இல். இரண்டு நூற்றாண்டுகள் ஆயரே கிடையாது. துறவு சபைக் குருக்களும், அரசு நினைத்தால் மாற்றிவிடக்கூடிய மேலாளர்களும்தான் இருந்தார்கள்.

அந்த இரண்டு நூற்றாண்டும் அடிமை முறையின் காலம். 1685ஆம் ஆண்டின் கறுப்புச் சட்டம், அடிமைகள் எல்லோருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தாக வேண்டும் என்றது. அதே சட்டம் அவர்களை அசையும் சொத்து என்றும் எழுதியது. ஞானஸ்நானம் பெற்ற மனிதர், விற்கக்கூடிய பொருளும் கூட. இந்த முரணைக் கேள்வி கேட்கும் தகுதியும் அகற்ற முடியாத பதவியும் உள்ள ஒருவர் தீவில் இருந்திருந்தால் கேட்டிருப்பாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஒருவர் இருக்கும் வாய்ப்பே இல்லாமல் போனது மட்டும் நிச்சயம். 1848 ஏப்ரலில் அடிமை முறை ஒழிந்தது. இரண்டே ஆண்டில் மூன்று தீவுகளுக்கும் ஆயர்கள் வந்தார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் ரெயூனியோனில் இறங்கியதும் ஏறத்தாழ இதே காலம்தான்.

வீராம்பட்டினத்திலிருந்து வெர்சாய்

பினோவிடம் திரும்புவோம். வியட்நாமில் உள்நாட்டுப் போர். நாட்டை இழந்து ஓடிக்கொண்டிருந்த இளவரசர் நுயென் ஆன், ஆயரிடம் உதவி கேட்டார். தன் சின்னஞ்சிறு மகன் கானையும் நம்பி ஒப்படைத்தார். ஆயர் அந்தக் குழந்தையோடு 1785இல் புதுச்சேரிக்கு வந்தார். ஆளுநர் மாளிகை கைவிரித்தது. பிள்ளையை அழைத்துக்கொண்டு பிரான்ஸுக்கே போனார். 1787 நவம்பர் 28 அன்று வெர்சாயில் உடன்படிக்கை ஆயிற்று: பிரான்ஸ் கப்பலும் படையும் தரும், பதிலுக்குத் தூரான் துறைமுகமும், அதாவது இன்றைய தா நாங், புலோ கொந்தோர் தீவும் பிரான்ஸுக்கு.

உடன்படிக்கையை நிறைவேற்ற வேண்டியவர் புதுச்சேரி ஆளுநர் கான்வே. அவர் மறுத்தார். பாரிஸின் கஜானாவும் காலி. ஆயர் சோர்ந்துபோகாமல் தானே பணம் திரட்டி, ஆயுதமும் ஆட்களும் சேர்த்துக்கொண்டு 1789இல் கப்பலேறினார். பாரிஸில் புரட்சி வெடித்த ஆண்டு அது. பினோ 1799இல் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். நுயென் ஆன் 1802இல் சியா லோங் என்ற பெயரில் பேரரசரானார்.

அரசியலில் தலையிடாதே என்ற 1659 அறிவுரையை அதுவரை இவரளவுக்கு மீறியவர் வேறு யாருமில்லை. ஆனால் இவரைப் பிரெஞ்சு அரசின் கையாள் என்பதும் சரியாக வராது. அரசு கைவிட்ட பிறகும் தொடர்ந்தவர் இவர். கிறிஸ்தவர்களைக் காக்கும் ஓர் அரசர் வேண்டும் என்பதே இவர் கனவு. பின்னால் வந்த காலனி ஆட்சிதான் இவரைத் தன் முன்னோடியாக்கிக்கொண்டது. சைகோன் பேராலயத்தின் முன்னால், சிறுவன் கானின் கையைப் பிடித்தபடி ஆயர் நிற்கும் சிலை ஒன்றை வைத்தார்கள். 1945இல் அது அகற்றப்பட்டது.

பின் வந்த ஆயர்களில் சிலருக்கு இந்தச் சமாதானமும் பொருந்தாது. 19ஆம் நூற்றாண்டில் வியட்நாமியப் பேரரசர்கள் கிறிஸ்தவர்களைக் கொடூரமாகத் துன்புறுத்தினார்கள், ஆயர்களையும் கொன்றார்கள். 1857இல் ஆயர் பெல்ரன் பிரான்ஸுக்குப் போய் மூன்றாம் நெப்போலியனிடம் படையெடுக்கும்படி நேரடியாகவே கேட்டார். மறு ஆண்டு பிரெஞ்சுக் கப்பல்கள் தூரானைத் தாக்கின. கேட்டது பாதுகாப்பு, வந்தது ஏறக்குறைய நூறாண்டு அடிமைத்தனம்.

புதுச்சேரியில் நடந்தது வேறு வகை. அப்போஸ்தலிக்க விகார் பொன்னான் 1844இல் ஒரு சினோடு, அதாவது குருக்களின் பேரவை, கூட்டினார். உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதும் கல்வியும் அதன் முக்கியப் பேச்சு. அதே ஆண்டு தமிழ்ப் பெண்களுக்கான கன்னியர் சபை ஒன்றும் தொடங்கியது. ஆனால் புதுச்சேரிப் பேராயர் இருக்கையில் ஒரு தமிழர், அம்புரோஸ் ராயப்பர், அமர்ந்தது 1955இல். பிரெஞ்சு ஆட்சி விலகிய மறு ஆண்டு. சினோடுக்கும் அதற்கும் இடையே 111 ஆண்டுகள். குருவாக்க முன்வந்தவர்கள் ஆயராக்க அவ்வளவு தயங்கினார்கள். வியட்நாமுக்கு முதல் வியட்நாமிய ஆயர் 1933இல், மடகாஸ்கருக்கு முதல் மலகாசி ஆயர் 1939இல். அந்த நியமனங்களை ரோம் தன் முடிவாகவே செய்தது.

அல்ஜியர்ஸில் இருவர்

நடுவில் பிரான்ஸே மாறிவிட்டது. புரட்சி 1789இல் கோவில் சொத்தை நாட்டுடைமையாக்கியது. 1801இல் நெப்போலியன் ரோமோடு புது ஒப்பந்தம் போட்டு, ஆயர் பெயரை அரசு சொல்லும், சம்பளமும் அரசே கொடுக்கும் என்றாக்கினார். 1905இல் அரசும் திருச்சபையும் சட்டப்படி பிரிந்தன. அப்போது ஜெர்மனி வசம் இருந்ததால் ஸ்ட்ராஸ்பூர், மெட்ஸ் நகரங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை. அவ்விரு ஆயர்களின் நியமனத்தில் இன்றும் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கையெழுத்திடுகிறார்.

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸில் 1867இல் பேராயரானவர் ஷார்ல் லவிஜெரி. வந்த கையோடு பஞ்சம். அனாதையான அராபியப் பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து வளர்த்தார். அவர்களைக் கிறிஸ்தவர்களாக்கினால் முஸ்லிம்கள் கொந்தளிப்பார்கள் என்று ஆளுநர் மக்மகோன் எதிர்த்தார். பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டது பெரிய காரியம். அந்தப் பிள்ளையின் சமயத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ள நினைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 1868இல் வெள்ளைத் தந்தையர் என்ற சபையைத் தொடங்கி, அராபிய அங்கி அணியவும் உள்ளூர் மொழி பேசவும் வைத்தார். 1888இல் ஆப்பிரிக்க அடிமை வணிகத்துக்கு எதிராக ஐரோப்பிய நகரங்களில் முழங்கினார்.

1890 நவம்பர் 12 அன்று பிரெஞ்சுக் கடற்படை அதிகாரிகளுக்கு விருந்து வைத்தார். அவர்களில் பெரும்பாலோர் மன்னராட்சி ஆதரவாளர்கள். அதற்குள் கர்தினாலாகியிருந்த லவிஜெரி எழுந்து, கத்தோலிக்கர்கள் குடியரசை ஏற்க வேண்டும் என்றார். வெள்ளைத் தந்தையரின் மாணவர் இசைக்குழு புரட்சிப் பாடலான மார்செய்யேஸை வாசித்தது. அதிகாரிகள் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னணியில் இருந்தது திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் விருப்பம். பாரிஸில் சொல்ல முடியாததை அல்ஜியர்ஸில் சொல்ல வைத்தது ரோம்.

அதே இருக்கையில் 1954இல் வந்து அமர்ந்தவர் லெயோன்-எத்தியேன் துவால். அந்த நவம்பரில் அல்ஜீரிய விடுதலைப் போர் வெடித்தது. இரண்டே மாதத்தில், 1955 ஜனவரியில், கைதிகளைச் சித்திரவதை செய்வதை அவர் கண்டித்தார். அவருடைய கோவில்களுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் குடியேறிகள். அவர்களே அவரை 'முகம்மது துவால்' என்று ஏசினார்கள். 1962இல் நாடு விடுதலையடைந்ததும் குடியேறிகளில் பெரும்பாலோர் கப்பலேறிவிட்டார்கள். ஆயர் போகவில்லை. 1965இல் அல்ஜீரியக் குடியுரிமை பெற்றார். காலியாகிப்போன பேராலயங்களில் சில பள்ளிவாசல்களாயின.

1996இல், மே 30 அன்று அவர் இறந்தார். கடத்திக் கொல்லப்பட்ட திபிரின் மடத்துத் துறவிகள் எழுவருக்கும் அவருக்கும் சேர்த்தே, கடலைப் பார்த்து நிற்கும் ஆப்பிரிக்க மாதா பசிலிக்காவில் இறுதித் திருப்பலி நடந்தது. லவிஜெரியின் காலத்தில், 1872இல், திறக்கப்பட்ட கோவில் அது. துவாலை அங்கேயே அடக்கம் செய்தார்கள்.